ஆவுடையப்பனுக்கு வைஃபை கிடைக்காத கதை

ஆவுடையப்பன் இறந்து பதினோரு மாதம் ஆகியும் அவருக்கு வைஃபை கிடைக்கவில்லை. பாளையங்கோட்டையில் அந்த வருஷம் செத்த மற்ற எல்லாருக்கும் கிடைத்துவிட்டது. எதிர்வீட்டு நல்லபெருமாள் செத்த மூன்றாம் நாளே வலைக்கு வந்து, தன்னுடைய பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வந்தவர்களைத் தானே வாசலில் வரவேற்று, பந்தியில் ரசம் வரவில்லை என்று சத்தமும் போட்டார். எங்கள் ஆள் மட்டும் மகாராஜநகரில், மனைவி உலகம்மை பேரில் இருந்த வீட்டில், ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலின் மேல் உட்கார்ந்திருந்தார்.

உட்கார்ந்திருந்தார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். இருந்தது ஒரு பெட்டி. தூக்குச்சட்டி அளவு. முன்பக்கம் உள்ளங்கை அகலத்தில் கறுப்புத் திரை, அதற்கு மேல் மிளகு மாதிரி ஒரு கண், பக்கத்தில் காதுக்கு நாலு ஓட்டை. சாகிற தறுவாயில் மனிதனின் மூளையைப் படியெடுத்து இப்படிப் பெட்டியில் ஏற்றிவைக்கிற வழக்கம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. முதலில் பல்லை மாற்றினார்கள், அப்புறம் முழங்காலை மாற்றினார்கள், அப்புறம் மிச்சத்தையும் மாற்றினார்கள்.

ஊரில் முக்கால்வாசிப் பேர் 'நித்தியம்' என்ற கம்பெனிப் பெட்டியில்தான் இருந்தார்கள். பெட்டி இலவசம், வலை இலவசம், குரல் அச்சு அசலாக அவருடையதே. பதிலுக்கு, செத்தவர் பேச்சுக்கு நடுவே அவ்வப்போது ஒரு பொருளைச் சிபாரிசு செய்வார். நல்லபெருமாள் தன் பேத்தியின் கல்யாணத்தில் ஆசீர்வாதம் செய்தபோது, "தீர்க்காயுசா இரு தாயி, மாமியார் வீட்டுல மூக்கடைப்பு வந்தா மங்களம் இன்ஹேலர் இருக்கு" என்றார். பெண் அழுதாள். எதற்கு அழுதாள் என்று யாரும் விசாரிக்கவில்லை.

ஆவுடையப்பன் இதற்கெல்லாம் ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை. பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் நடத்தி ஓய்வு பெற்றவர், பாளையங்கோட்டை லினக்ஸ் சங்கத்தைத் தொடங்கியவர். சங்கத்தில் மொத்தம் நான்கு பேர். அவர், கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்த ஞானதுரை சார், சமாதானபுரத்தில் ரேடியோ மிக்ஸி பழுதுபார்க்கும் சிதம்பரதாணு, அப்புறம் நான். நான் டெலிபோன் லைன்மேன். இந்த ஊரின் கடைசிக் கம்பியைக் கம்பத்திலிருந்து இறக்கிச் சுருட்டியவன் நான்தான். இனி எல்லாம் காற்றிலேயே வரும் என்று சொல்லி அன்றைக்கு எனக்கு மாலை போட்டார்கள். ஒரு இருபது அடி மிச்சம் வைத்திருக்கலாம். இப்போது வருகிற பெட்டிகளில் கம்பி சொருகத் துளையே கிடையாது. ஒரே துளை பென்டிரைவுக்கு.

சங்கத்துக்கு ஐந்து விதிகள் உண்டு. முதல் விதி, லாக் படிக்காமல் கேள்வி கேட்கக் கூடாது. எந்திரம் விழித்தெழும்போது 'இதைத் தேடினேன், கிடைத்தது, அதைத் தேடினேன், கிடைக்கவில்லை' என்று தனக்குள்ளே வரிவரியாக எழுதிக்கொண்டே போகும். அதுதான் லாக். முப்பது வருஷமாக யார் எதைக் கேட்டாலும் ஆவுடையப்பன் சொன்ன முதல் பதில், "லாக் பாத்தீரா?" அவர் மகள் வடிவு ஆறாம் வகுப்பில் பரீட்சையில் தோற்றுவிட்டு அழுதுகொண்டு வந்தபோதும் இதையேதான் கேட்டார் என்று உலகம்மை சொல்வாள். இரண்டாம் விதி, உள்ளே என்ன இருக்கிறது என்று நாம் பார்க்க முடியாத எந்த மென்பொருளையும் எந்திரத்தில் ஏற்றக் கூடாது. மற்ற மூன்று விதிகள் தாளின் பின்பக்கத்தில் இருந்தன. தாளை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை.

ஆகவே ஆவுடையப்பன் தன்னை, யாரும் உள்ளே திறந்து பார்க்கக்கூடிய லினக்ஸில்தான் ஏற்ற வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுச் செத்தார். நாங்கள் தீர்மானம் போட்டு, வெறும் பெட்டி ஒன்றை வாங்கி, ஏற்றினோம். தாணு மூடியைக் கழற்றி, சங்க விதிப்படி செய்ய வேண்டிய சில்லறை வேலைகளைச் செய்து மூடினார். திரையில் முதல் வரி வந்தது: "யாருவே ஃபேனை ஓட விட்டது? கரண்டு சும்மாவா வருது?" ஆவுடையப்பன்தான், சந்தேகமில்லை. எல்லாம் வேலை செய்தது. வைஃபை மட்டும் இல்லை.

வைஃபை இல்லாததால் குரலும் இல்லை. குரலைத் தயாரிக்கிற எந்திரங்கள் எங்கோ வலைக்கு அந்தப்பக்கம் இருந்தன. அவர் திரையில் எழுதுவார், உலகம்மை மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு எங்களுக்கு வாசித்துக் காட்டுவாள்.

லினக்ஸில் வைஃபை அட்டை உடனே வேலை செய்யாதது புதிதல்ல. எங்கள் சங்கம் உருவானதே அதனால்தான். இந்த அட்டைக்கு உயிர் கொடுக்க இரண்டு வேண்டும். ஒன்று, அட்டையோடு பேசத் தெரிந்த டிரைவர். இன்னொன்று, அட்டைக்குள்ளேயே ஏற்ற வேண்டிய ரகசியமான ஒரு துண்டு நிரல். இரண்டையும் அட்டை செய்த கம்பெனிதான் வைத்திருந்தது. ஞானதுரை சார் போன் போட்டுக் கேட்டார். தாராளமாகத் தருகிறோம், உங்கள் அட்டை வலை வழியாக வந்து எங்களிடம் நேரடியாகக் கேட்க வேண்டும் என்றார்கள். அட்டை வேலை செய்யவில்லை, அதனால் வலைக்கு வர முடியவில்லை, வேலை செய்யத்தான் உங்களிடம் கேட்கிறேன் என்று சார் விளக்கினார். கம்பெனியில் போனை எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இந்தப் புகாரை நீங்கள் வலையிலேயே பதிவு செய்யலாம் என்றாள். வேறு அட்டை மாற்றவும் வழியில்லை. அட்டையின் எண்ணும் ஆவுடையப்பனும் பெட்டியில் ஏற்றும்போதே ஒன்றாகப் பதிவாகிவிட்டார்கள்.

அவசரம் எங்கிருந்து வந்ததென்றால், டொராண்டோவிலிருந்து. வடிவு அங்கே இருந்தாள். அப்பாவை அனுப்பிவையுங்கள் என்று வாரம் ஒரு முறை கேட்டாள். அவள் தெருவில் எல்லார் வீட்டிலும் ஒரு பெரியவர் சுவரிலிருந்து பேசுகிறாராம், இவள் வீட்டுச் சுவர் மட்டும் சும்மா இருக்கிறதாம். ஆவுடையப்பன் உயிரோடிருந்தபோது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போன் பண்ணுவாள். செத்த பிறகு பாசம் கூடுவது உலக இயல்பு. பெட்டியைக் கையில் தூக்கிப்போகலாமே என்றால், விமானத்தில் அவர் பயணியா சாமானா என்று தீர்மானமாகவில்லை. பயணி என்றால் பெல்ட் போட வேண்டும், சாமான் என்றால் பேசக் கூடாது. ஆவுடையப்பன் இரண்டுக்கும் மசியவில்லை.

இது போதாதென்று ஒரு சட்டமும் இருந்தது. அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஞானதுரை சார் உலகம்மைக்கு எடுத்துச் சொன்னார். நாங்கள் ஞாயிறுதோறும் அந்த வீட்டில்தான் கூடுவோம். உலகம்மை அப்போது எங்களுக்கு உளுந்தவடை கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, வலைக்கு வந்துட்டாருன்னா அவரு அசையும் சொத்து. பெத்த பிள்ளை எங்க இருக்கோ அங்க போயிருவாரு. இந்தப் பெட்டி காலியாயிரும். ஒரே ஆளு ரெண்டு எடத்துல இருக்கக் கூடாது பாருங்க."

"வராட்டி?"

"ஒரு வருஷத்துக்குள்ள வராட்டி அசையாச் சொத்து. வீட்டோட சேந்தது. கிணறு மாதிரி, தென்னமரம் மாதிரி. அப்புறம் என்ன தலைகீழா நின்னாலும் வலையில சேத்துக்க மாட்டாங்க. காலத்துக்கும் இங்கனயேதான்."

"கிணறு மாதிரியா," என்றாள் உலகம்மை.

"பயப்படாதீங்கம்மா. அப்படி விட்டுருவோமா?" என்றார் சார்.

அவள் சட்னி எடுக்க உள்ளே போனாள். பிள்ளைக்குத்தான் சொத்து, பெண்டாட்டிக்கு இல்லையா என்று உங்களுக்குத் தோன்றலாம். சட்டம் எழுதியவர்கள் எல்லாரும் யாருக்கோ பிள்ளைகள்.

ஆக, ஒரு வருஷத்துக்குள் ஆவுடையப்பனை வலைக்குக் கொண்டுவர வேண்டும். தவறினால் உலகத்தில் எந்த மூலைக்கும் போய்வரக்கூடிய ஒரு மூளை, ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் கிணறாகக் கிடக்கும். ஞானதுரை சார் முடிவெடுத்தார். கம்பெனி தராவிட்டால் டிரைவரையும் அந்தத் துண்டு நிரலையும் நாமே எழுதுவோம். நாமே என்றால் அவர். எனக்குக் கம்பத்தில் ஏறத் தெரியும், அவ்வளவுதான்.

முதலில் உலக லினக்ஸ் மன்றத்தில் கேள்வி போட்டோம். நாற்பத்தொரு பதில் வந்தது. செத்தவருக்கு எதற்கு வைஃபை என்று பதினொரு பேர் கேட்டார்கள். தங்கள் ஊரில் தங்கள் மாமாவுக்கு நன்றாக வேலை செய்கிறது என்று ஒன்பது பேர். இது வேறு வகை லினக்ஸில் ஏற்றியிருக்க வேண்டிய ஆள் என்று இருவர் ஆரம்பித்து, அவர்களுக்குள் சண்டை முற்றி, மற்றவர்கள் அதில் பிரிந்து நின்றார்கள். இதே அட்டை, இதே கோளாறு என்று ஒரே ஒருவர் எழுதியிருந்தார். எங்களுக்கு உயிர் வந்தது. அதன் கீழே மறுநாள் அவரே, 'சரியாகிவிட்டது, நன்றி' என்று எழுதியிருந்தார். எப்படி என்று எழுதவில்லை. அவரைத் தேடிப்பிடித்தோம். செத்துப்போயிருந்தார், பெட்டியும் வைக்கவில்லை. மனுசன் நிம்மதியாகப் போய்விட்டார்.

அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் ஒரே மாதிரிதான். சார் வீட்டில் எழுதியதைப் பென்டிரைவில் கொண்டுவந்து பெட்டியில் செருகுவார். ஆவுடையப்பன் அணைந்து எழுவார். வைஃபை வராது. சார் லாக்கைப் பென்டிரைவில் எடுத்துக்கொள்வார். அதில் ஆயிரத்து நானூறு வரி. கோளாறு எப்போதும் கடைசியில்தான் இருக்கும் என்பது அவர் அனுபவம், அதனால் கடைசி இருபது வரியைப் படித்துவிட்டு, தலையை ஆட்டிவிட்டு, காபியைக் குடித்துவிட்டுப் போவார். ஆவுடையப்பனும் சும்மா இருக்கவில்லை. உள்ளேயிருந்து யோசனை சொன்னார். கையேட்டில் நாற்பத்தெட்டாம் பக்கத்தைப் பாரும், அட்டையின் கடிகார வேகத்தைக் குறைத்துப் பாரும், கர்னலை மாற்றிப் பாரும் என்று திரையில் வந்துகொண்டே இருக்கும். கர்னல் என்பது லினக்ஸின் உயிர்நாடி. மாற்றினோம்.

அதில் ஒரு தடவை சிக்கலாகிவிட்டது. புதுக் கர்னலில் எழுந்த ஆவுடையப்பனுக்குத் தன் இருபத்தெட்டு வயதுக்குப் பிறகு நடந்ததெல்லாம் மறந்துபோயிருந்தது. எங்களை யாரென்று கேட்டார். உலகம்மையை மட்டும் தெரிந்தது. ஏன் இப்படி இளைத்துப்போனாய், அம்மா வீட்டில் சரியாகச் சோறு போடவில்லையா என்று கேட்டார். அவளுக்கு அப்போது எழுபது வயது. அந்த வாரம் முழுக்க அவர் அவளோடு என்னவோ எழுதிக்கொண்டிருந்தாராம், அவளும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து வாசித்தாளாம். அடுத்த ஞாயிறு நாங்கள் போனதும், "சார்வாள், இது இப்படியே இருந்துட்டுப் போட்டுமே," என்றாள்.

அது நினைவகத்தில் வருகிற ஒரு பிழை, விட்டால் பரவும் என்று சார் அவளுக்குப் படம் வரைந்து விளக்கிவிட்டுப் பழைய கர்னலைப் போட்டார். ஆவுடையப்பன் எழுந்ததும், "வே ஞானம், லாக் எடுத்தீரா?" என்று கேட்டார். உலகம்மை படத்தை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு வடை சுடப் போனாள்.

நான்காம் மாதம் தாணு போய்ச்சேர்ந்தார். கடையில் ஒரு மிக்ஸியைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். அவர் பையன்கள் சங்கத்தைக் கலந்துகொள்ளாமல் அவரை நித்தியம் பெட்டியில் ஏற்றிவிட்டார்கள். நாங்கள் கண்டனத் தீர்மானம் போட்டோம். கூட்டத்துக்கு மூன்று பேராவது வேண்டும் என்பதால் ஆவுடையப்பனையும் கணக்கில் சேர்த்துக்கொண்டோம். அதற்கப்புறம் தாணுவைப் பார்க்க நானும் போகவில்லை, சாரும் போகவில்லை. கொள்கை இருக்கிறதே.

பதினோரு மாதம் முடிந்து பன்னிரண்டாவதும் ஓடிவிட்டது. கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. மாலை ஐந்து மணிக்குப் பதிவாளர் அலுவலகம் கணக்கை மூடும். சார் பத்து நாளாகத் தாடி மழிக்கவில்லை, மாதாகோவிலுக்குப் போகவில்லை. அவருடைய வலது கண்ணில் ரத்தம் கட்டியிருந்தது. காலையில் போன் பண்ணி, கடைசி முடிச்சு பிடிபட்டுவிட்டது, நாலரைக்குக் கொண்டுவருகிறேன் என்றார்.

எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. கம்பம் ஏறியவன் புத்தி வேறு மாதிரி. லைனில் சத்தம் வரவில்லையென்றால் நாங்கள் முதலில் பார்ப்பது கணக்கை அல்ல, எங்கே அறுந்திருக்கிறது என்று. அந்தப் பெட்டியைக் கடைசியாகத் திறந்து மூடியவர் தாணு. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் என்ன? கொள்கையை வீட்டில் வைத்துவிட்டு சமாதானபுரத்துக்குப் போனேன்.

கடையில் கல்லாவுக்குப் பின்னால் சுவரில் இருந்தார். முகமும் தெரிந்தது, பனியனும் தெரிந்தது.

"வாரும் வே லைன்மேன். இப்பத்தான் வழி தெரிஞ்சுதோ? முழங்கால் எப்படி இருக்கு?"

செத்தும் என் முழங்காலை ஞாபகம் வைத்திருக்கிறாரே. நான் பதில் சொல்வதற்குள், "கற்பகம் தைலம் ரெண்டு வேளை தடவும்," என்றார் அதே குரலில். எது அக்கறை, எது வியாபாரம் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. தைலம் வாங்கினேன், கேட்கிறது.

விஷயத்தைச் சொன்னேன். மூடியைத் திறந்தபோது என்னவே செய்தீர் என்று கேட்டேன்.

"என்னத்தச் செஞ்சேன்? மூணாவது விதிதான்."

எனக்கு மூணாவது விதி ஞாபகம் இல்லை. அவருக்குச் சிரிப்பு.

"நீங்க எழுதுன விதிதானவே. ரேடியோ உள்ள எந்தப் பொருளா இருந்தாலும், வைஃபையும் ரேடியோதான், அத அணைக்க கைக்கெட்டுற எடத்துல ஒரு சுவிட்சு இருக்கணும். எசமானன் நாமளா அதுவான்னு தெரியணும்லா. அடியில ஒரு சின்ன சுவிட்சு வச்சேன், குண்டுமணி அளவு. அத அந்தப் பக்கம் தள்ளுனா மேல என்ன குட்டிக்கரணம் போட்டாலும் அட்டை முழிக்காது. வாய் மணக்க வாசனைப் பாக்கு, வசந்தம் பாக்கு."

"இத எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க ரெண்டு பேரும் அன்னைக்கு எந்தக் கர்னலுன்னு சண்ட போட்டுட்டு இருந்தீயோ. உலகம்மை தங்கச்சி பக்கத்துல வந்து, இது என்னதுண்ணேன்னு கேட்டுது. அதுகிட்ட எல்லாம் வெவரமாச் சொன்னேனே."

கடையை விட்டு இறங்கி நடந்தேன். முழங்கால் வலித்ததாக ஞாபகம் இல்லை.

மகாராஜநகர் போய்ச்சேர்ந்தபோது மணி மூன்றே முக்கால். உலகம்மை காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் நேராகப் போய் ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பெட்டியை லேசாகச் சாய்த்துப் பார்த்தேன். அடியில் சுவிட்ச் இருந்தது. அணைக்கிற பக்கம் தள்ளியிருந்தது. மறுபடி தானாக நகர்ந்துவிடாதபடி அதன்மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. அரக்குச் சிவப்பு, பெரிய அளவு. ஆவுடையப்பன் இருந்தவரை அவள் நெற்றியில் தினமும் பார்த்த பொட்டு. பாக்கிப் பொட்டு அட்டையை வீணாக்க வேண்டாம் என்று நினைத்திருப்பாள்.

"சாய்க்காதீங்கண்ணே, அவுகளுக்குத் தலை சுத்தும்," என்றாள் உலகம்மை, கத்தரிக்காயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"என்ன தங்கச்சி இது?"

அவள் இன்னொரு கத்தரிக்காயை எடுத்து நறுக்கினாள்.

"நாப்பத்தஞ்சு வருசம்ண்ணே. சாயங்காலம் வந்தா அந்தக் கம்ப்யூட்டர் முன்னால உக்காருவாவ. தட்டுல சோத்த வச்சா, வலைக்கு அந்தப்பக்கம் உள்ளவன் கேட்டதுக்குப் பதில் எழுதிட்டு ஆறிப்போனத திம்பாவ. பிரேசில்காரன் பொண்டாட்டி பேரு தெரியும் அவுகளுக்கு. எனக்கு சர்க்கரை வந்தது ரெண்டு வருசம் கழிச்சுத்தான் தெரியும்." கத்தரிக்காயைத் தண்ணீரில் போட்டாள். "இப்பக் காலையில நான் எந்திச்சு லைட்ட போட்டதும், இன்னைக்கு என்ன கொழம்புன்னு கேக்காவ. தின்னவா போறாவ? ஆனா கேக்காவ. நான் சொல்லுதேன். உப்புப் போட்டியான்னு கேக்காவ. அவுகளுக்குப் பேச வேற ஆளு இல்லல்லா."

"வடிவு?"

"வடிவு கொண்டுபோயி சொவத்துல வைப்பா. பத்து நாள் பேசுவா. நான் வளத்த பிள்ளைய எனக்குத் தெரியாதா?"

"பன்னெண்டு மாசமா ஞானதுரை சார் கண்ணு அவிஞ்சு போற மட்டும் உழைக்காரே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

அப்போதுதான் என்னைப் பார்த்தாள்.

"என்கிட்ட யாரு கேட்டா?"

யோசித்துப் பார்த்தேன். வடை போதுமா என்று அவள் எங்களைக் கேட்டிருக்கிறாள். எங்கள் பக்கமிருந்து ஒரு கேள்வியும் போனதாக நினைவில்லை.

மணி நாலு. பொட்டை நகத்தால் சுரண்ட இரண்டு விநாடி, தள்ள ஒரு விநாடி. உலகம்மை தடுக்கப்போவதாகத் தெரியவில்லை. அரிவாள்மணையை மடக்கிச் சுவரோரம் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, சும்மா நின்றாள். நான் பெட்டியின் காதுப்பக்கம் குனிந்து கேட்டேன்.

"அண்ணாச்சி, உமக்கு இது தெரியுமா?"

திரையில் வந்தது:

"லாக் பாத்தீரா?"

"அது சார் டிபார்ட்மென்டு."

"முதல் வரியக் காட்டுதேன், பாரும்."

காட்டினார். ஆயிரத்து நானூறு வரியில் முதல் வரி. 'ரேடியோ கையால் அணைக்கப்பட்டுள்ளது.' ஒவ்வொரு ஞாயிறும், ஒவ்வொரு தடவை எழுந்திருக்கும்போதும், எந்திரம் வேறு எதையும் சொல்லும் முன்பு அதைத்தான் சொல்லியிருக்கிறது. ஆவுடையப்பன் எழுந்திருக்கும்போதே அதைப் படித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறார். படித்துவிட்டுத்தான் நாற்பத்தெட்டாம் பக்கத்தைப் பாரும், கடிகாரத்தைக் குறையும் என்று எங்களை ஊர் சுற்ற விட்டிருக்கிறார்.

"நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டேன்.

திரையில் வந்ததை உலகம்மை எனக்காக வாசித்தாள்.

"கத்தரிக்காப் புளிக்கொழம்பு. இருந்து சாப்பிட்டுட்டுப் போம்."

நாலரைக்கு ஞானதுரை சார் வந்தார். ஒரு கையில் பென்டிரைவ், இன்னொரு கையில் போன். போனில் டொராண்டோவிலிருந்து வடிவு, தூக்கக் கலக்கத்தில், பின்னால் காலியான ஒரு சுவர். அப்பாவுக்கென்று அதில் பூமாலை மாட்டி வைத்திருந்தாள். சார் பென்டிரைவைச் செருகியது மூன்றாவது தடவைதான் சரியாக விழுந்தது. ஆவுடையப்பன் அணைந்து எழுந்தார். வைஃபை வரவில்லை. சார் லாக்கை எடுத்தார், கடைசி இருபது வரியைப் படித்தார், எங்கோ ஒரு எண்ணை மாற்றினார், மறுபடி செருகினார். இப்படி நாலு தடவை. நான் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உலகம்மை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஐந்து மணிக்குப் பதிவாளர் அலுவலகத்திலிருந்து குறுஞ்செய்தி வந்தது. மேற்படி ஆவுடையப்பன் அசையாச் சொத்தாக அறிவிக்கப்படுகிறார், வீட்டு உரிமையாளர் அதற்குரிய படிவத்தில் கையெழுத்திடவும்.

வடிவு போனில் பின்னால் திரும்பிச் சுவரைப் பார்த்தாள், எழுந்து போய் மாலையைக் கழற்றினாள், அப்புறம் அழுதாள். பத்து நாள் பேசுகிறவளின் அழுகையாக எனக்கு அது தெரியவில்லை. ஆனால் நான் லைன்மேன், எனக்கென்ன தெரியும். சார் தரையில் உட்கார்ந்துவிட்டார். முப்பத்தாறு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்த மனிதர், விடை தப்பான பையன் மாதிரி பென்டிரைவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எல்லாம் சரியாத்தான இருக்கு," என்றார் இரண்டு தடவை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு அந்த வீட்டில் சாப்பிட்ட கத்தரிக்காய்க் குழம்பு மாதிரி அப்புறம் நான் சாப்பிடவே இல்லை, அதையும் அவரிடம் சொன்னதில்லை.

மனசு கேட்காமல் சார் அந்த டிரைவரை உலக மன்றத்தில் சும்மா போட்டுவைத்தார். ஒரே மாதத்தில் ஒன்பது நாட்டில் ஊமையாகக் கிடந்த பெட்டிகளெல்லாம் பேச ஆரம்பித்தன. பிரேசிலில் ஒரு பாட்டனார் அதன் மூலம் முதலில் வாய் திறந்து, ஞானதுரை யார் என்று விசாரித்து நன்றி சொன்னார். நித்தியம் கம்பெனியிலிருந்து பலர் தங்கள் ஆட்களைப் பெயர்த்து லினக்ஸில் ஏற்றினார்கள். நல்லபெருமாள்கூட இப்போது மூக்கடைப்பைப் பற்றிப் பேசுவதில்லை, ரசத்தைப் பற்றி மட்டும் பேசுகிறார். சாருக்கு மரியாதை செய்ய டொராண்டோவுக்குக் கூப்பிட்டார்கள், போனார். விழாவில் வடிவுதான் சால்வை போட்டாள். திரும்பி வந்து அந்தச் சால்வையை ஆவுடையப்பன் பெட்டியின் மேல் போர்த்திவிட்டு, உலகத்துக்கெல்லாம் வேலை செய்கிறது, உமக்கு மட்டும் ஏன் வே செய்யவில்லை என்று கேட்டார். சால்வை திரையை மறைத்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இன்னும் நடக்கிறது. இனிமேல் வேலை செய்தாலும் பிரயோஜனமில்லை, சட்டம் விடாது. ஆனாலும் சார் காரணம் தெரியாமல் சாக மாட்டேன் என்கிறார். பென்டிரைவைச் செருகுகிறார், லாக்கை எடுக்கிறார், கடைசி இருபது வரியைப் படிக்கிறார்.

போன ஞாயிறு படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வே லைன்மேன், ஒரு தடவையாவது இத மொதல்லருந்து படிச்சுப் பாத்தா என்ன?" என்றார்.

எனக்கு முறுக்கு தொண்டையில் நின்றுவிட்டது. அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றது. உலகம்மை கேசரித் தட்டோடு வாசல்படியில் வந்து நின்றாள்.

திரையில் எழுத்துகள் வழக்கத்தைவிட வேகமாக வந்தன. உலகம்மை மூக்குக்கண்ணாடி போடாமலே வாசித்தாள்.

"அதெல்லாம் ஒண்ணும் படிக்காண்டாம் வே ஞானம். கேசரி ஆறிரும்."

முப்பது வருஷத்தில் முதல் தடவையாக ஆவுடையப்பன் ஒருவரை லாக் படிக்க வேண்டாம் என்றார். சார் தட்டை வாங்கிக்கொண்டார்.